கொழுக்கிக்கு முன்னும் பின்னும்: நாயாற்றுக் கரைக்கு ஏற்ற இழுவை வாகனம் எது?

சோளகக் காற்று எழும்பி மேற்குக் கடல் குழம்பும் மாதங்களில், சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் தீவின் குறுக்கே வந்து கிழக்குக் கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுவது நெடுங்கால வழக்கம். செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில் களப்பு கடலோடு சேரும் நாயாறு, அவர்கள் தங்கும் இடங்களில் ஒன்று. முல்லைத்தீவுக் கரையோரத் தொழிலாளரும் பருவத்துக்குப் பருவம் இதே மணலில்தான் வாடி மாற்றுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சுமையோடுதான் வருகிறார்கள். படகு, வெளியிணைப்பு இயந்திரம், வலை, கயிறு, ஐஸ் பெட்டி, தறப்பாள், அரிசி மூட்டை, பானை சட்டி, அவற்றோடு ஒன்றிரண்டு நாய்கள். நாய் செல்லத்துக்காக வருவதில்லை. இரவில் யானை கிட்ட வந்தால் முதலில் அறிவது அதுதான். காயும் கருவாட்டுக்குக் காவலும் அதுதான்.

இத்தனையையும் ஆட்களையும் சேர்த்து நெடுந்தூரம் கொண்டுபோக எந்த வாகனம் பொருத்தம் என்ற கேள்விக்கு வன்னியில் பல தலைமுறைகளின் விடைகள் உண்டு. மாட்டு வண்டி, உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும், லாண்ட்மாஸ்டர், லொறி, டபுள் கெப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும் ஒரு கட்சியும் இருந்தன. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தாங்குகின்றன, எங்கே முறிகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சேம அச்சு

கேள்வி வன்னியில் தொடங்கியதல்ல. சங்கப் பாடல்களில் வரும் உமணர், குடும்பத்தையும் சரக்கையும் வளர்ப்பு உயிர்களையும் வண்டியேற்றி உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுபோனவர்கள். சிறுபாணாற்றுப்படை அவர்களோடு ஒரு குரங்கையும் காட்டுகிறது. அது பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்வது. புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று, உமணர் தம் வண்டியில் மேலதிக அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படும் வழக்கத்தைத் தலைவன் ஒருவனின் புகழுக்கு உவமையாக எடுக்கிறது. ஏற்ற இறக்கத்தில் என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என்பதே அந்தச் சேம அச்சின் காரணம்.

இழுவை வாகனத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு அளவுகளில் நின்றுவிடுகிறது: எவ்வளவு இழுக்கும், எவ்வளவு கொள்ளும். உமணர் மூன்றாவதையும் கேட்டிருக்கிறார்கள்: வழியில் முறிந்தால் என்ன செய்வது? வன்னியின் கடந்த அரை நூற்றாண்டைப் பார்த்தால், தேர்வைத் தீர்மானித்தது பல சமயம் இந்த மூன்றாவது கேள்விதான் என்று சொல்ல இடமிருக்கிறது.

மணலின் கணக்கு

கட்சிகளுக்குள் போகுமுன் ஒரு சிறு கணக்கு. சில்லு உருளும்போது தரை காட்டும் தடை, சுமையின் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. நல்ல தார் வீதியில் அது நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை. கிரவல் வீதியில் இரண்டு முதல் நான்கு. இளகிய மணலில் பதினைந்து முதல் முப்பது. பெட்டியும் சாமானுமாக இரண்டு தொன் என்று வைத்துக்கொண்டால், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு வரும் ஏ34 வீதியில் அதை நகர்த்த முப்பது கிலோ இழுவை போதும். அதே பெட்டி வீதியை விட்டு நாயாற்றுக் கரைமணலில் இறங்கியதும் முந்நூறு, நானூறு, சில இடங்களில் அதற்கும் மேல் கேட்கும். நூறு கிலோமீற்றர் இழுத்துவந்த வாகனம் கடைசி ஐந்நூறு மீற்றரில் புதைவதற்குக் காரணம் இதுதான்.

விற்பவர்கள் குதிரைவலுவைச் சொல்லி விற்கிறார்கள். மணல் குதிரைவலுவைக் கேட்பதில்லை. இயக்கும் சில்லுகளின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது, டயர் எவ்வளவு அகலம், அதில் எவ்வளவு காற்று என்பவற்றையே கேட்கிறது. எந்த எஞ்சினும் தன் டயர் பிடிக்கும் அளவுக்கு மேல் இழுக்க முடியாது. கரையோரச் சாரதிகள் மணலில் இறங்குமுன் காற்றைக் குறைத்துவிடுவது இந்தக் கணக்கை ஏட்டில் படித்து அல்ல. ஆனாலும் ஏடும் அதையேதான் சொல்கிறது.

மாட்டு வண்டி

வண்டிக்காரர் கட்சி இன்று ஏறக்குறைய ஆளில்லாத கட்சி. என்றாலும் அதன் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இழுவை மாடு தன் உடல் எடையில் பத்து, பன்னிரண்டு வீதத்தை நாள் முழுதும் இழுக்கும் என்பது விவசாயப் பொறியியலின் பொதுக் கணக்கு. முந்நூறு கிலோ மாடுகள் இரண்டு என்றால் அறுபது, எழுபது கிலோ இழுவை. தாரிலும் நல்ல கிரவலிலும் அது இரண்டு தொன்னுக்குப் போதும். மணலில் போதாது. அங்கே சுமையைப் பிரித்து இரண்டு மூன்று நடை போகவேண்டும். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் வேகம் நாய்களுக்கு மிக வசதி. வண்டியடி நிழலிலேயே நடந்துவரும்.

இக்கட்சியின் வலுவான சாட்சி 1990களில் போரையொட்டி அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலம். எரிபொருள், டயர், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தபோது வன்னியில் ஓடிய வாகனங்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயும் முட்டான நாட்களில் வண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. அதன் அச்சையும் சில்லையும் ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுக்க முடிந்தது. சேம அச்சு வாதத்தின் முழு வடிவம் அது. ஆனால் அதே காலம் தரும் எதிர்ச்சாட்சியும் உண்டு. தடை தளர்ந்து, 2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 திறந்ததும், வண்டி விரும்பி வைத்திருக்கப்பட்டதல்ல, வேறு வழியின்றி வைத்திருக்கப்பட்டது என்பது விரைவாகவே தெரிந்துவிட்டது. மாட்டுக்கு ஆண்டு முழுதும் தீனி வேண்டும். எஞ்சின் சும்மா நிற்கையில் எதையும் தின்பதில்லை.

பெரிய மெசினும் பெட்டியும்

வன்னியின் நிலைபெற்ற விடை நான்கு சில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னால் கொழுவும் பெட்டியும்தான். பெர்குசன் சாம்பல் நிற மெசினின் வழிவந்த மாஸி பெர்குசன் 35, 1964இல் தொடங்கிய 135, பிறகு சென்னையில் தயாராகும் டஃபே, மகிந்திரா, சுவராஜ் என்று பெயர்கள் மாறின. வடிவம் மாறவில்லை. போருக்குப் பின் இந்திய அரசு வடக்கு விவசாயிகளுக்கென வழங்கிய 500 உழவு இயந்திரங்களும் இந்த வரிசையையே நீட்டின.

ஏன் இது வென்றது? வலு மட்டும் காரணமென்றால் லொறி வென்றிருக்கவேண்டும். உண்மையான காரணம் கொழுக்கி என்று தோன்றுகிறது. லொறியிலும் கெப்பிலும் இழுப்பதும் ஏற்றுவதும் ஒரே உடம்பு. உழவு இயந்திரத்தில் அவை இரண்டு. கொழுக்கியைக் கழற்றினால் பெட்டி வாடியடியில் நிற்கும். மெசின் வயலுக்குப் போகும், தண்ணீர்ப் பவுசர் இழுக்கும், படகைக் கரையேற்றும். பெட்டிக்கு மேல் தறப்பாள் இழுத்தால் அது களஞ்சியம். அடியில் பாய் போட்டால் படுக்கை, நாய்க்கும் நிழல். ஆண்டில் இரண்டு தடவை வரும் நெடும்பயணத்துக்காக யாரும் வாகனம் வாங்குவதில்லை. மற்றப் பத்து மாதம் அது உழைக்கவேண்டும் என்ற நிபந்தனையை இதைப்போல் வேறெதுவும் நிறைவேற்றவில்லை.

மணல் கணக்கிலும் இதற்கு ஆதாயம். பின்சில்லு உயரம், அகலம். பாரத்தில் பெரும்பங்கு அதன் மேலேயே இருக்கிறது. இரு சில்லுப் பெட்டியாக இருந்தால் சுமையின் ஒரு பகுதி கொழுக்கி வழியாகப் பின்சில்லின் மேல் இறங்கிப் பிடியைக் கூட்டும். நாற்சில்லுப் பெட்டி தன் பாரத்தைத் தானே தாங்குவதால் தாரில் இதம், மணலில் மெசினுக்கு உதவி இல்லை. கூடுதலாகச் சாமான் கொள்கிறது என்று நாற்சில்லுப் பெட்டியை விரும்புவோர் கவனிக்கத் தவறும் இடம் இது.

கரையில் இந்த மெசினுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வின்ச் பொருத்திக் கரைவலை இழுப்பது. நாற்பது, ஐம்பது பேர் கயிற்றில் நின்று இழுத்த வலையை இரண்டு மெசின்களும் சில ஆட்களும் இழுத்துவிடுகிறார்கள். இதைத் தடுக்கவேண்டும் என்போர், இயந்திர வேகத்தில் அடிமண் கிளறப்படுகிறது, குஞ்சு மீன் தப்பாது, கூலியாட்கள் தொழில் இழக்கிறார்கள் என்கிறார்கள். அனுமதிக்கவேண்டும் என்போர், இழுக்க ஆளே கிடைப்பதில்லை என்கிறார்கள். தடை, தளர்வு, மறியல் என்று இழுபடும் இந்த வாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரைக்கு வெளியே. ஆனால் வாகனத் தேர்வை அது தொடுகிறது. கரைவலை வின்ச்சுக்குத் தடை என்றானால் வாடிக்கு மெசின் கொண்டுபோவதன் பாதிக் காரணம் போய்விடும்.

பலவீனங்கள் சிறியவை அல்ல. வேகம் குறைவு. நீண்ட பயணத்தில் சாரதியின் முதுகு அறியும். பெரும்பாலான பெட்டிகளுக்குச் சொந்த பிரேக் இல்லை. மூன்று, நான்கு தொன் பின்னிருந்து தள்ள, முன்னால் நிற்பது இரண்டு தொன்னுக்கும் குறைந்த மெசின். இடது வலது பிரேக் மிதிகள் வயலில் திரும்புவதற்காகத் தனித்தனி. வீதிக்கு ஏறும்போது அவற்றைக் கொக்கியால் இணைக்க மறந்தால் மெசின் ஒரு பக்கமாகச் சுழலும். பெட்டி மடிந்து குடைசாயும். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒரு குடும்பமே பெட்டியில் ஏறிப்போகும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2008 நடுவில் மன்னார்ப் பக்கமிருந்து நகரத் தொடங்கி, மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒடுங்கி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போர்க்கால இடப்பெயர்வையும் இங்கே தவிர்க்க முடியாது. அதை ஒரு வாகனச் சோதனையாகப் பேசுவதே கூச்சம் தருவது. என்றாலும் வன்னி மக்கள் பெட்டியைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு அங்கிருந்தும் வருகிறது. பெட்டி இருந்த குடும்பம் கூரைத் தகட்டையும் நெல் மூட்டையையும் சில இடங்கள்வரை கொண்டுபோக முடிந்தது. இல்லாதவர்கள் சைக்கிளில் கட்டியதோடு நின்றார்கள். கடைசியில் நிலம் சுருங்கியபோது மெசினும் பெட்டியும் வீதியோரம் விடப்பட்டன. ஆளற்ற வீடுகளில் எஞ்சிய நாய்களையும் மாடுகளையும் அக்காலத்தை எழுதியவர்கள் பலர் குறித்திருக்கிறார்கள். எந்த வாகனத்துக்கும் எல்லை உண்டு என்பதற்கு மேல் அந்த நாட்களிலிருந்து பொறியியல் பாடம் எடுப்பது சரியாகாது.

லாண்ட்மாஸ்டர்

இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு இலங்கையில் வழங்கும் பெயர் ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் பெயர். கூபோட்டா வந்தாலும் யன்மார் வந்தாலும் சீன மெசின் வந்தாலும் ஊருக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். எட்டிலிருந்து பதினைந்து குதிரைவலு, பின்னால் ஒரு சிறு பெட்டி, ஏறக்குறைய ஒரு தொன் சுமை. விலை குறைவு, டீசல் செலவு குறைவு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைக் கிராமத்து மெக்கானிக் மரநிழலில் பிரித்துப் பூட்டுவார். சேம அச்சுக் கேள்விக்கு மாட்டு வண்டியை அடுத்து நல்ல விடை இதனிடமே இருக்கிறது.

எடை குறைவென்பதால் இளகிய மணலில் பிடி இல்லை. சில்லு வெறுமனே சுழன்று குழி தோண்டும். இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. இதைத் திருப்புவது கைப்பிடியிலுள்ள கிளட்ச். இடது கிளட்சை அழுத்தினால் இடது சில்லுக்கு வலு நின்று மெசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். எஞ்சின் பிடித்து நிறுத்தும் நிலையில் கிளட்ச் அழுத்திய சில்லு விடுபட்டு வேகமாக உருளும், மெசின் எதிர்ப்பக்கம் ஓடும். வன்னி தட்டை நிலம்தானே என்று இதை அலட்சியம் செய்வோர் உண்டு. குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவும் பாலத்து ஏற்ற இறக்கமும் போதும்.

அயலூர்த் தூரத்துக்கு, ஒரு வலை, ஒரு குடும்பம், ஒரு நாய் என்ற அளவில் இதைவிடச் சிக்கனம் இல்லை. மாவட்டம் தாண்டும் பயணத்துக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம்.

கெப், பட்டா, லொறி

உலகின் பிற பகுதிகளில் நாயும் சாமானுமாக நெடும்பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி. அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று வாகனம் தெரிவுசெய்யும்போது பார்ப்பது தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த இழுவை எல்லையை. டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வகைகள் பலவற்றுக்கு அது 3,500 கிலோ. ஆனால் அந்த எண் பிரேக் உள்ள பெட்டிக்கு மட்டும். பிரேக் இல்லாத பெட்டிக்கு ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பொது எல்லை 750 கிலோ. பெட்டியின் எடையில் பத்திலொரு பங்கு கொழுக்கியில் இறங்கவேண்டும், இல்லையேல் வேகத்தில் பெட்டி வாலாட்டும் என்பதும் அவர்களின் அடிப்படை விதி.

இந்த அளவுகோலை அப்படியே நாயாற்றுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டபுள் கெப்பைப் பரிந்துரைப்போர் 3,500 என்ற எண்ணைச் சொல்வார்கள். பின்னால் கொழுவுவதோ பிரேக் இல்லாத பெட்டி. அப்படியானால் எண் 750 ஆகிறது. படகும் வண்டிச்சட்டமும் சேர்ந்தாலே அதை எட்டிவிடும். மணலில் கெப்பின் எடை நான்கு சில்லுக்கும் பரவி உதவினாலும், அதே எடை அதை அமிழ்த்தவும் செய்யும். ஏற்றும் இடம், கூரையுள்ள இருக்கை, வேகம் ஆகியவற்றில் அதற்கு நிகரில்லை என்பது உண்மையே. விலையும் அப்படியே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கெப் ஒன்றின் விலை ஒரு மீனவக் குடும்பம் கனவும் காணாத இடத்துக்குப் போனது.

சிறு சுமைக்கு டாட்டா ஏஸ் வண்டியை, ஊர் வழக்கில் பட்டாவை, விரும்புவோர் அதிகம். ஐஸ் பெட்டியும் மீனும் சந்தைக்குப் போக அது போதும். இழுவைக்கு அது பிறந்ததல்ல.

இன்னொரு கட்சி, வாங்குவதே தவறு என்கிறது. பருவத் தொழிலாளர் பலர் செய்வது இதுதான். கன்ரரோ பெரிய லொறியோ ஒரு நாள் வாடகைக்குப் பிடித்து, படகை மேலே கட்டி, சாமானை உள்ளே அடுக்கி வந்து இறங்குவது. ஆண்டில் இரண்டு பயணத்துக்கு இது மலிவு என்பதில் சந்தேகமில்லை. லொறி நிற்பது வீதியில் என்பதுதான் குறை. அங்கிருந்து வாடிவரை உள்ள மணலுக்கு வேறு ஒரு மெசினைத் தேடவேண்டும்.

நாய்க்கு எங்கே இடம்?

வாகன விவாதங்களில் நாய் கடைசியில் வரும், பெரும்பாலும் வராமலே போகும். ஆனால் அதன் உடல் சில கறாரான எல்லைகளை வைக்கிறது. நாய் மூச்சிரைத்தே உடலைக் குளிர்த்துகிறது. கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வெப்பம் பத்து நிமிடத்தில் பத்துப் பாகை வரை ஏறும். கெப்பில் நாயை விட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குள் போவது அந்த அளவில் உயிரோடு விளையாட்டு. இந்த வகையில் திறந்த பெட்டி மேல். ஆனால் திறந்த பெட்டியில் வேறு தொல்லைகள். புகை, தூசி, திடீர்ப் பிரேக்கில் தூக்கி வீசப்படுவது, சுடும் தகடு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வெளி வெப்பம் 28 பாகையைத் தொட்டால் வெறும் உலோகத் தட்டில் நாயை ஏற்றக்கூடாது, அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு வேண்டும் என்று விதி உண்டு. முல்லைத்தீவில் ஆண்டின் பெரும்பகுதி பகல்கள் அந்த அளவைத் தாண்டுபவை. பலகைத் தளம் கொண்ட பழைய பெட்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. தகட்டுத் தளம் என்றால் இரண்டு சாக்கும் ஒரு பாயும் வேண்டும்.

கட்டும் முறையிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நீண்ட கயிற்றில் கட்டினால் பெட்டி விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து தொங்கும் அபாயம். கட்டாமல் விட்டால் வழியில் மாட்டைக் கண்டதும் குதிக்கும். விளிம்பை எட்டாத குறுங்கயிறு, பெட்டியின் முன்பக்கச் சுவரோரம், வலைக் குவியலின் மறைவு என்பதே பல இடங்களின் விதிகளும் நடைமுறையும் சந்திக்கும் புள்ளி. வலையின் மேலேயே படுக்கவிடலாம் என்பவர்களும் உண்டு. கடித்துக் கிழித்த கண்ணியைப் பொத்துகிறவரிடம் கேட்டால் வேறு விடை வரும்.

தீராமல் இருப்பவை

மேலுள்ள கட்சிகளை எடைபோட்டால், வன்னிக் கரையின் நிலத்துக்கும் வருமானத்துக்கும் நான்கு சில்லு மெசினும் இரு சில்லுப் பெட்டியும் இன்னும் முன்னிற்பதாகச் சொல்லலாம். ஆனால் அந்த முடிவு மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. பயணம் ஒரு மாவட்டத்துக்குள் அடங்கவேண்டும், மெசினுக்கு ஆண்டு முழுதும் வேறு வேலை இருக்கவேண்டும், மணல் வழியின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். தூரம் கூடினால் வாடகை லொறியின் பக்கம் தராசு சாயும்.

பெட்டிக்குப் பிரேக் பொருத்துவது தொழில்நுட்பத்தில் கடினமல்ல. செலவை யார் ஏற்பது, பழைய பெட்டிகளை என்ன செய்வது என்பவற்றுக்கு விடை இல்லை. கரைவலை வின்ச் பற்றிய முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் கரையில் மெசின்களின் எண்ணிக்கையை அது மாற்றும். 2022 எரிபொருள் நெருக்கடியில் காத்துநின்ற வரிசைகளுக்குப் பின், மின்சாரத்தில் ஓடும் மெசின் பற்றிப் பேச்சு எழுகிறது. குறைந்த வேகத்தில் அதிக இழுவை தருவதில் மின்மோட்டார் கெட்டிக்காரன் என்பதால் மணலுக்கு அது பொருந்தக்கூடும். வாடியில் மின்கம்பம் இல்லை, உப்புக் காற்று உண்டு, பழுதானால் மரநிழல் மெக்கானிக்கால் பிரிக்க முடியாது. ஔவையார் காலத்துச் சேம அச்சுக்கு அங்கே என்ன பொருள் என்பதை இனித்தான் பார்க்கவேண்டும்.

அதுவரை, வேறு எந்த வாகனத்தில் நாயாற்றுக்கு வந்து இறங்கினாலும், வீதிக்கும் வாடிக்கும் இடைப்பட்ட மணலைக் கடக்கப் பக்கத்து வயலில் உழும் மெசின் ஒன்றைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.